செல்வம் வரைந்த படங்கள்

மதினி முதலில் செய்த காரியம், நடிகரின் முகத்தின் மேல் ஸ்கேலை வைத்து நீலப் பேனாவால் கோடு போட்டதுதான். நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு கோடு, அரை அங்குலம் தள்ளி இன்னொன்று, அப்புறம் குறுக்கே இடது காதிலிருந்து வலது காதுக்கு. நான் பதறிப்போய் "மதினி, மதினி" என்றேன். அது எங்கள் மன்றத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படம். புதுப் படம் வெளியாகும் ஒவ்வொரு முறையும் அதற்கு மாலை போட்டுச் சூடம் காட்டியிருக்கிறோம். அதைக் கழற்றிக்கொண்டு வருவதற்கே உறுப்பினர்கள் மூன்று பேரிடம் நான் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. அந்த முகத்தைப் பத்து நிமிடத்தில் கணக்கு நோட்டுத் தாள்போல் ஆக்கிவிட்டார். "கோடு போடாம எப்படித் தம்பி பெருசாக்குறது? இந்தக் கட்டத்துக்குள்ள இருக்கிறத அந்தக் கட்டத்துக்குள்ள போடணும். அம்புட்டுத்தான்" என்றார், தலை நிமிராமல். பிறகு சார்ட் அட்டையில் இரண்டு அங்குலக் கட்டங்களை மெல்லிய பென்சிலால் போட்டார். இடது புருவம் விழுகிற கட்டத்தில் முதல் கோட்டை இழுத்தார். ஒரு புருவம் மட்டும் தனியாக அந்த வெள்ளை அட்டையில் வந்து நின்றது. அது யாருடைய புருவம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தேனி தனி மாவட்டமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் வீடு காமயகவுண்டன்பட்டியில். அண்ணன் திராட்சைத் தோட்டம் பார்த்தார். நான் கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் நடிகரின் ரசிகர் மன்றத்துக் கிளைச் செயலாளராக இருந்தேன். உண்மையைச் சொன்னால், இரண்டாவதைத்தான் என் வேலை என்று நினைத்திருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. மதினிக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். உத்தமபாளையத்துப் பக்கமிருந்து வந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மதுரைக்குப் போய் ஓவியம் படிக்கிறேன் என்று வீட்டில் கேட்டிருக்கிறார். "படம் போட்டா சோறு கெடைக்குமா?" என்று அவருடைய அப்பா கேட்ட ஒரு கேள்வியோடு அந்தப் பேச்சு முடிந்து, அடுத்த தை மாதம் கல்யாணம் ஆகிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து பல வருடம் வரைக்கும் மதினிக்கு வரையத் தெரியும் என்பதே யாருக்கும் தெரியாது. ஒரு கிறிஸ்துமஸுக்குக் கோவிலில் குடில் கட்டும்போது, பின்னால் தொங்கவிட வாங்கிய திரை மழையில் நனைந்து சாயம் போய்விட்டது. பங்குச் சாமியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மதினி ஒரு வெள்ளை வேட்டியும் போஸ்டர் கலரும் கேட்டு வாங்கி, மத்தியானத்துக்குள் பெத்லகேமை வரைந்து கொடுத்துவிட்டார். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சாமி காரியம் என்பதால் விட்டிருக்கலாம்.

நடிகரின் மன்றங்களெல்லாம் சேர்ந்து மதுரையில் மாநில மாநாடு நடத்தப் போவதாகச் சேதி வந்தது. மாநாட்டு மைதானத்தில் மாவட்டத்துக்கு ஒரு கடை போட்டுக்கொள்ளலாம். படம், பனியன், சாவிக்கொத்து என்று நடிகர் சம்பந்தப்பட்ட எதை வேண்டுமானாலும் விற்கலாம்; வருகிற பணம் அந்தந்த மாவட்டத்து ரத்ததான முகாமுக்கு. தேனியில் நடந்த ஆயத்தக் கூட்டத்தில் மாவட்டச் செயலாளர் எழுந்தார். டயர் கடை வைத்திருந்தவர், பெரிய குரல். "எல்லா மாவட்டத்துக்காரனும் அச்சடிச்ச படத்தத்தான் கொண்டாருவான். நம்ம என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டார். நான் எழுந்து, "கையால வரைஞ்ச படம் நாப்பது கொண்டாறோம்ணே, எங்க கிளையிலருந்து" என்றேன். கைதட்டல் எழுந்தது. அந்த வயதுவரை எனக்குக் கைதட்டல் கிடைத்தது அதுதான் முதல் தடவை. "யாருப்பா வரையிறது?" என்று அவர் கேட்டார். "எங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அந்த மண்டபத்தில் அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருக்க, வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை. "எங்க கிளைத் தம்பி ஒருத்தன்ணே. செல்வம்னு பேரு. கூச்சப்படுவான், வெளிய வர மாட்டான்" என்றேன். செல்வம் இப்படித்தான் பிறந்தான். அந்த நேரம் மதினி வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்திருப்பார்.

மறுநாள் காலையில்தான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நாப்பதா?" என்றார். வேறு பெயரில்தான் போகும் என்றும் சொன்னேன். என்ன பெயர் என்று கேட்டார், சொன்னேன். "நல்ல பேருதான்" என்றார். நான் எழுந்து போகும்போது கூப்பிட்டு, "தம்பி, நானும் மாநாட்டுக்கு வருவேன். யாரு வாங்குறாக, எதுக்கு வாங்குறாகன்னு எனக்குப் பாக்கணும். கூட்டிட்டுப் போறதுன்னா சொல்லுங்க, வரையிறேன்" என்றார். இவ்வளவு நீளமாக ஒரு விருப்பத்தை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "கண்டிப்பா மதினி" என்று உடனே சொன்னேன். அப்போது எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அண்ணனைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் ஆனது. அவர் முரடர் இல்லை. கை நீட்டியதோ, குரலை உயர்த்தியதோ கிடையாது. ஊர் என்ன சொல்லும் என்பதை மட்டும் எந்நேரமும் காதில் கேட்டுக்கொண்டே இருப்பவர். "ஏலே, குடில் வரைஞ்சது சாமிக்கு. இது ஒரு நடிகன் மூஞ்சி. நாள் பூரா ஒரு ஆம்பள மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு ஒருத்தன் சொன்னாப் போதும், நான் தோட்டத்துக்குப் போயி வர முடியாது" என்றார். ரத்ததானம், ஏழைகள், மருத்துவ முகாம் என்று நான் என்னென்னவோ சொன்னேன். கடைசியில், "வீட்டுக்குள்ள இருந்து செய்யட்டும். பேரு வெளிய வரப்படாது. அந்த ரூம்பு சன்னல் அடைச்சே இருக்கணும்" என்றார். எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது.

அந்த ரூம்பு என்று அண்ணன் சொன்னது, திராட்சைப் பெட்டிகளும், பெட்டிக்குள் விரிக்கிற பழைய செய்தித்தாள்களும், மருந்தடிக்கிற மயில்துத்தச் சாக்கும் கிடக்கிற, ஓடு வேய்ந்த அறை. அதற்கு இருந்த ஒரே ஜன்னல் தெருவைப் பார்த்தது. அதை அடைத்துவிட்டால், கூரையில் பதித்திருந்த ஒரு கண்ணாடி ஓடுதான் வெளிச்சத்துக்கு. அந்த ஓட்டின் வழியாகத் தரையில் ஒரு சதுர வெயில் விழும். பத்து மணிவாக்கில் பெட்டிகளின் பக்கம் விழுந்து, மெல்ல நகர்ந்து, மூன்று மணிக்குக் கதவோரம் போய் மங்கிவிடும். மதினி சமையலை முடித்துவிட்டுப் போய் அந்தச் சதுரத்துக்குள் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வெயில் நகர நகரப் பலகையை இழுத்துக்கொண்டு அவரும் நகர்வார். ஆனி, ஆடிக் காற்று ஓடுகளை அலசி மண்ணை இறக்கும். இறங்குகிற மண் கரிக்கோட்டில் பட்டால் படம் கெட்டுப்போகும் என்பதால், தலைக்கு மேல் ஒரு பழைய சேலையைப் பாதிவரை இழுத்துக் கட்டியிருந்தார். மலைப்பக்கமிருந்து சாரல் வந்தால் வெளிச்சம் போய்விடும். அப்போது கையைக் கட்டிக்கொண்டு அந்த இருட்டறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஏன் வெளியே வரக்கூடாது என்று ஒருநாள் கேட்டேன். "வெளிய வந்தா ஒரு வேலை சொல்லுவாக. அதச் செஞ்சிட்டு வாறதுக்குள்ள வெயிலு வந்துட்டுப் போயிரும்" என்றார்.

கரிப் பென்சில்களும் அட்டைகளும் நான் கம்பத்திலிருந்து வாங்கி வருவேன். நிழல்களைத் தேய்க்கக் காது குடைகிற பஞ்சுக் குச்சிகள் போதும் என்றார். படம் முடிந்ததும் கரி உதிராமல் இருக்க ஏதோ ஒரு மருந்து அடிக்க வேண்டுமாம். அது மதுரையில்தான் கிடைக்கும், விலையும் அதிகம். மதினி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஆடை எடுத்த பாலில் தண்ணீர் கலந்து, முடிவெட்டுகிற கடைகளில் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னத் தெளிப்பான் பாட்டிலில் ஊற்றி, தூர நின்று பனிபோல் தெளிப்பார். நாங்கள் நடிகரின் கட் அவுட்டுக்குக் குடம் குடமாகப் பால் ஊற்றியவர்கள். அரை டம்ளர் பாலில் ஐந்து படத்துக்குத் தெளித்துவிட்டு, மிச்சத்தை மதினி டீக்கு எடுத்துக்கொள்வார்.

பதினைந்து படம் வரைக்கும் எல்லாம் நன்றாகப் போயிற்று. அதற்குப் பிறகு மதினியின் வேகம் குறைந்தது. நான் கொடுத்த படங்கள் எல்லாவற்றிலும் நடிகர் சிரித்துக்கொண்டிருந்தார். அல்லது கையை உயர்த்திக்கொண்டிருந்தார். வேறு படம் இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் சாயங்காலம் நான் வந்தபோது புதிதாக ஒரு படம் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திராட்சைப் பெட்டிக்கு விரிக்கிற ஒரு பழைய வாரப் பத்திரிகையிலிருந்து எடுத்திருக்கிறார். படப்பிடிப்பு இடைவேளையில் நடிகர் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். செருப்பு ஒரு காலில் இல்லை. கண்கள் எங்கேயோ பார்க்கின்றன. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. மதினி அதில் ஒவ்வொரு சுருக்கத்தையும், கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தையும் வரைந்திருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தலைவர் இப்பிடிச் சோந்துபோயி இருக்கலாமா மதினி? இத யாரு வாங்குவா?" என்றேன். மதினி கையில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துக்கொண்டே, "எந்நேரமும் சிரிச்சுக்கிட்டே இருந்தா அந்த மனுசனுக்கும் வாய் வலிக்கும்ல தம்பி" என்றார். நாற்பது என்று வாக்குக் கொடுத்திருந்ததால்தான் அதையும் எடுத்துக்கொண்டேன். அடியில், ஒருவர் கண்ணிலும் படாதபடி வைத்தேன்.

கடைசி வாரங்களில் மதினிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. வெயிலுக்கும் இருட்டுக்கும் மாறி மாறிப் பார்த்ததாலோ, கரித்தூளாலோ, காலையில் எழும்போதே கண் சிவந்திருக்கும். அம்மா பார்த்துவிட்டு அண்ணனிடம் சொல்ல, மாநாடு முடிந்ததும் மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண் ஆஸ்பத்திரியில் காட்டும்படி அண்ணன் என்னிடம் சொன்னார். மதினி அதை ஒட்டி ஒரு யோசனை வைத்திருந்தார். மாநாட்டன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டும் ஒன்றாக முடியும் என்றார். அண்ணனிடம் பொய் சொல்ல வேண்டியதும் இல்லை. நான் தலையாட்டினேன்.

மாநாட்டுக்கு முதல் நாள் மத்தியானம் வேன் வந்தது. மாவட்டச் செயலாளரும் அதிலேயே வந்திருந்தார். படங்களைப் பார்த்து அசந்துபோனார். என் முதுகில் தட்டினார். செல்வத்தைப் பார்க்க முடியாதா என்றார். ஊரில் இல்லை என்றேன். ஏறும்போது அவர், "பொம்பளையாளுக யாரையும் கூட்டியாந்துராதீகப்பா. தள்ளுமுள்ளா இருக்கும், நம்மளால பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்று பொதுவாகச் சொன்னார். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். மதினி அங்கே வந்தால் செல்வத்தின் கதி என்னாகும் என்ற பயம் எனக்குள் ஒரு வாரமாகவே இருந்தது. உள்ளே போனேன். மதினி கடைசிப் படக்கட்டுக்கு நூல் போட்டு முடிந்துகொண்டிருந்தார். "மதினி, கூட்டம் முழுக்க ஆம்பளைக. நீங்க வந்தா எனக்குக் கஷ்டமாயிரும். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டு, "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் நின்று பார்க்கவில்லை.

மாநாட்டு மைதானத்தில் எங்கள் கடையைச் சுற்றித்தான் கூட்டம். வரைந்த படம் என்று நம்பாமல் ஒருவர் விரலை நனைத்துத் தேய்த்தே பார்த்தார். பாதிப் படங்கள் போயிருந்த நேரம், வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, குடையை முகத்துக்கு முன்னால் சரித்துப் பிடித்தபடி மதினி வந்து நின்றார். விடியுமுன்னே முதல் பஸ்ஸைப் பிடித்து, தன்னந்தனியாக வந்திருக்கிறார். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வாறேன். சீட்டு இருக்கு" என்று முந்தானையிலிருந்து எடுத்துக் காட்டினார். அண்ணனிடம் காட்ட அந்தச் சீட்டு வேண்டும் என்பதால் அங்கேதான் முதலில் போயிருக்கிறார். அங்கே கண் பாப்பா விரிவதற்கு மருந்து ஊற்றிவிட்டார்கள். வெளிச்சத்தில் அவரால் கண்ணையே திறக்க முடியவில்லை. கிட்டத்தில் இருப்பதெல்லாம் கலங்கலாகத் தெரிந்திருக்கிறது. யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க வந்தவர், யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமல் நின்றார்.

"யாருப்பா இது?" என்றார் மாவட்டச் செயலாளர். "எங்க மதினிண்ணே. கண் ஆஸ்பத்திரிக்கு வந்தாக" என்றேன். அவர் நல்லவர்தான், உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு, மோர் வாங்கி வரச் சொன்னார். அப்புறம், "தங்கச்சி, சும்மாதான இருக்கீக. வித்த படத்தச் சுருட்டிப் பேப்பர்ல சுத்திக் குடுங்க, எங்க ஆளுக கசக்கிப்புடுறாய்ங்க" என்றார். மதினி சிரித்துக்கொண்டே சரி என்றார். கடைக்குள் திரும்பி உட்கார்ந்து, தான் வரைந்த படங்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி, செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கண் தெரியாததால் ஒவ்வொன்றுக்கும், "இது எது தம்பி, கையத் தூக்குறதா, சிரிக்கிறதா?" என்று மெல்லிய குரலில் கேட்பார். நான் சொன்னதும், "யாரு வாங்குறாக?" என்பார். "ஒரு ஆளு" என்பேன். எனக்கு அவ்வளவுதான் சொல்ல நேரமிருந்தது.

மூன்று மணிபோல ஒரு பெண் வந்தார். கையில் சாப்பாட்டுக் கூடை. வேலைக்குப் போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ வந்தவர் மாதிரி இருந்தது. மேலே இருந்த படங்களையெல்லாம் புரட்டி, அடியிலிருந்து அந்த நாற்காலிப் படத்தை உருவினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு செய்த காரியத்தை அன்றைக்கு வேறு யாருமே செய்யவில்லை. படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "பேரு போடலையே. யாரு வரைஞ்சது?" என்றார். மாவட்டச் செயலாளர் என் பக்கத்தில் நின்றார். மதினி எனக்கு இரண்டடி பின்னால் உட்கார்ந்திருந்தார். "எங்க கிளைத் தம்பி ஒருத்தரு. செல்வம்" என்றேன். அந்தப் பெண், "அந்தத் தம்பிகிட்டச் சொல்லுங்க. வேலை முடிஞ்சு வந்து உக்காந்தா எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் உக்காந்திருப்பாரு. சினிமாக்காரவுகளுக்கும் இது உண்டுன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மதினி கையை நீட்டிப் படத்தை வாங்கினார். மற்ற எல்லாவற்றையும்விட மெதுவாக அதைச் சுருட்டினார். இரண்டு தாள் வைத்துச் சுற்றினார். நீட்டும்போது, "சொல்லிர்றோம்க்கா" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மதினிக்கு முன்பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கியாயிற்று. அவர் ஏதாவது திட்டினால் தேவலை என்று இருந்தது. சின்னமனூர் வரும்போது, பின்னால் திரும்பாமலே, "அந்தக்கா பாக்க எப்படி இருந்தாக தம்பி? எனக்கு மூஞ்சி தெரியல" என்றார். எனக்கும் தெரியாது. அந்த நேரம் முழுக்க நான் மாவட்டச் செயலாளரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நெடுநெடுன்னு இருந்தாக மதினி. மூக்குத்தி போட்டிருந்தாக" என்றேன். "ம்" என்றார். அதையும் நான் கற்பனையாகத்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் தேனியில் நன்றிக் கூட்டம் வைத்து, செல்வத்துக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார்கள். செல்வம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றேன். அவன் சார்பில் நீயே வாங்கிக்கொள் என்றார்கள். மேடையேறி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து மதினியிடம் நீட்டினேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். சரிகை நன்றாக இருக்கிறது என்றார். "செல்வம் வந்தாருன்னாக் குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் எந்த ஊரிலிருந்து யார் படம் கேட்டாலும், "செல்வத்தக் கேளுங்க தம்பி" என்பதுதான் அவருடைய பதில். ஆனால் அவர் வரைவதை நிறுத்தவில்லை. சமையலை முடித்துவிட்டு அந்த அறைக்குப் போவார். கண்ணாடி ஓட்டுக்கு அடியில் உட்காருவார். எனக்குக் காட்டுவதில்லை. கதவு இடுக்கில் ஒருமுறை பார்த்தேன். தோட்டத்தில் திராட்சை வெட்ட வருகிற பெண்களின் கைகள், செய்தித்தாளின் ஓரத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக.

எனக்குத்தான் மனது பொறுக்கவில்லை. பொறுக்கவில்லை என்பதை ஒரு நல்ல குணம் என்று அப்போது நினைத்திருந்தேன். அடுத்த வருடம் கம்பத்தில் மன்றத்து ஆண்டு விழா நடந்தபோது, மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டேன். செல்வம் என்று ஒருவர் கிடையாது, அத்தனை படத்தையும் வரைந்தது என் சொந்த மதினி என்றேன். கைதட்டினார்கள். மாவட்டச் செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மலையை இறக்கி வைத்த மாதிரி லேசாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை டீக்கடையில் யாரோ அண்ணனிடம், "ஒம் வீட்டுல நம்ம நடிகரத் தடவித் தடவி வரையிறாகளாமே" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் சண்டை போடவில்லை. மதினியிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டத்திலிருந்து ஏணியை எடுத்து வந்து, கூரையில் ஏறி, கண்ணாடி ஓட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாதாரண ஓடு ஒன்றைப் பதித்துவிட்டு இறங்கினார். மதியம் உரமூட்டைகள் வந்து இறங்கின. அறை நிறைந்துவிட்டது. நான் அண்ணனிடம் போய்ப் பேசப் பார்த்தேன். "சன்னல் அடைச்சிருக்கணும்னுதான் சொன்னேன். நீ ஊருக்கே தொறந்து விட்டுட்ட" என்றார்.

மதினியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "உங்களுக்காகத்தான் மதினி சொன்னேன். உங்க பேரு தெரியணும்னுதான்" என்றேன். அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "நாப்பது படம்னு சொல்லும்போதும் நீங்க என்னையக் கேக்கல. செல்வம்னு பேரு வைக்கும்போதும் கேக்கல. இதையாச்சும் கேட்டிருக்கலாம்ல தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியாத ஒன்றை விளக்குகிற மாதிரி சொன்னார். அண்ணன் ஜன்னலை அடைத்ததும், மதினியின் அப்பா ஒரு கேள்வியில் பேச்சை முடித்ததும் எனக்குத் தப்பாகத் தெரிந்திருந்தன. மைக்கைப் பிடித்த நானும் அவர்கள் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன் பிறகு மதினி வரைந்து நான் பார்க்கவில்லை. நானும் மன்றத்திலிருந்து மெல்ல விலகிவிட்டேன். இப்போது கம்பத்தில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறேன். மாநாடு நடந்து ஏழு வருடம் ஓடிவிட்டது. அண்ணனுக்கு முழங்கால் வலி வந்து, தோட்டத்து வேலையில் பாதியை மதினிதான் பார்க்கிறார்.

போன வாரம் கோவில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற தலைமை ஆசிரியை, ஒரு கன்னியாஸ்திரி, யாரோ சொல்லக் கேட்டு வீட்டுக்கு வந்தார். பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் படம் வரையச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடமும் அண்ணன் வீட்டுத் தெருக்கோடியில்தான் இருக்கிறது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர்கள் கேட்டு அவர் மறுத்ததில்லை. "அதுக்கென்ன சிஸ்டர், வருவா" என்றார். எனக்கும் "மதினி பிரமாதமா வரைவாக சிஸ்டர்" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. மதினி இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன் சிஸ்டர்" என்றார். அண்ணன் திரும்பிப் பார்த்தார். சிஸ்டர், "நல்லா யோசிச்சே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எட்டு நாள் ஆகிவிட்டது. அண்ணன் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அம்மா ஒரு தடவை. பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று. "இன்னும் முடிவு பண்ணல" என்கிறார் மதினி, அரிசியைக் களைந்துகொண்டே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே. நேற்று நான் போனபோது, "நீங்க ஒண்ணும் கேக்கலையே தம்பி" என்றார். "நீங்களாச் சொல்லும்போது கேட்டுக்கிறேன் மதினி" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அடுப்படியில் பாத்திரங்கள் நகர்கிற சத்தம் கேட்டது. அண்ணன் வாசலில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மதினியாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.